இடப்பக்கம் கிறுகிய வெளிச்சம்

சென்ற மாதம் எங்கள் இரசாயனவியல் பகுதிக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. மெல்லிய குழாய்களுக்குள் திரவங்களை இடைவிடாமல் ஓடவிட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே அவற்றைத் தாக்கமுறச் செய்து வேறு பொருளாக்குகிற இயந்திரம். பெட்டி உடைக்கிற அன்றைக்கு ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாவற்குடாவிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர் ஒருவர் தொடுதிரையை அமர்த்தி அமர்த்திக் காட்டினார். பிறகு மரியாதைக்காக என்னிடம் கேட்டார்:

“அண்ணன், இது வர முதல் இந்த வேலைய எதில செய்தீங்க?”

“நாங்களே ஒண்டு கட்டி வச்சிருந்தம். இமெல்டா மேடம் கட்டினது.”

அவர் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இமெல்டா மேடமா? அவட கட்டுரைய நான் வெளிநாட்டில படிக்கக்க வாசிச்சிரிக்கன். அது இஞ்சயா செய்தது?”

அந்த ‘இஞ்சயா’ எனக்குள் குத்திக்கொண்டு நின்றது. பகுதியின் மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி அவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஓம், இஞ்சதான் செய்தது. எப்படிச் செய்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் உன்னிச்சையில் பிறந்தவன். அப்பாவுக்குக் குளத்துக்குக் கீழே கொஞ்சம் வட்டை, வயல் நிலம், இருந்தது. உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். கண்ணாடி உடையாமல் கழுவவும், தராசை மூச்சுவிடாமல் பார்க்கவும், அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றவும் (தண்ணீரை அமிலத்தில் அல்ல) அங்கேதான் படித்தேன். பரீட்சைகள் எழுதித் தொழினுட்ப உத்தியோகத்தர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாணவர்கள் வந்தார்கள், உப்புகளைச் சோதித்தார்கள், போனார்கள். எனக்கு என் தொழிலின் சுவை தெரிந்தது இமெல்டா மேடம் வந்த பிறகுதான்.

அவர் மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண். தகப்பன் தச்சர், தம்பி நகரத்தில் கடைச்சல் பட்டறை வைத்திருந்தார். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து, அங்கே வேலையும் பார்த்துவிட்டு, ஒரு நாள் கட்டைத் தலைமுடியும் வெள்ளைச் சப்பாத்துமாக எங்கள் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும், “என்ட ஊர் இதுதானே” என்பார். அதற்கு மேல் அந்தக் கதை ஓடாது.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டு இரண்டு சின்னப் போத்தல்களைத் தந்தார்.

“மணந்து பாருங்க தவராசா.”

ஒன்று புதினா மணத்தது. மற்றது சதகுப்பை.

“ரெண்டும் என்ன?”

“புதினா எண்ணெயும் சதகுப்பை எண்ணெயும் மேடம்.”

“ரெண்டும் ஒரே பொருள். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே மாதிரிக் கட்டு. ஒண்டு மற்றதிட கண்ணாடி உருவம். உங்கட ரெண்டு கையும் போல. தராசுக்கு வித்தியாசம் தெரியா. உங்கட மூக்குக்குத் தெரிஞ்சிட்டு.”

நான் மறுபடி மறுபடி மணந்து பார்த்தேன். எத்தனையோ வருடம் இரசாயனங்களோடு கிடந்தவன் நான். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மூக்குக்குத் தெரிவதைப் போலவே உடம்புக்கும் தெரியும் என்றார். பல மருந்துகளில் இடக்கை உரு நோயைத் தீர்க்கும். வலக்கை உரு சும்மா கிடக்கும், சில வேளை கெடுதலும் செய்யும். ஆனால் சாதாரணமாகக் குடுவையில் கலந்து செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வந்துவிடும். ஒரு கையை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கையை அறிந்த ஓர் ஊக்கி, தாக்கத்தை நடத்திவைக்கிற பொருள், வேண்டும். தானே ஒரு கையாக இருக்கிற ஊக்கி. வலக்கால் செருப்புக்குள் இடக்கால் போகாது என்பது போல, அந்த ஊக்கி தனக்குப் பொருந்துகிற உருவை மட்டுமே பெரும்பாலும் உண்டாக்கும். இதற்குச் சமச்சீரற்ற ஊக்கம் என்று பெயர். மேடத்தின் வாழ்நாள் வேலை அது. அதைக் குடுவையில் இல்லாமல், ஓடுகிற குழாயில் செய்ய வேண்டும் என்பது அவரது பிடிவாதம்.

“பெரிய பானையில வச்சுக் கொதிக்க விட்டா, கை மீறினா எல்லாம் மீறும். குழாயில ஒரு நேரத்தில ஒரு மடக்குத்தான் ஓடும். பிழைச்சாலும் ஒரு மடக்குத்தான் பிழைக்கும்,” என்று சொன்னார்.

அப்படியோர் இயந்திரம் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆகவே கட்டினோம். தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தோம். அதன் இரண்டு முனைக்கும் உருக்கு மூடிகளை மேடத்தின் தம்பி தன் பட்டறையில் கடைந்து தந்தார். அந்தப் பட்டறையில் மேடத்தைப் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கடைச்சலில் இருந்து வந்த மூடியை விரலால் தடவி, தம்பியோடு பறங்கி மொழியில் சண்டை பிடிப்பார். தம்பி திட்டிக்கொண்டே மறுபடி கடைவார். புரி ஒரு மயிரிழை பிழைத்தாலும் கரைப்பான் கசியும் என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் மூடி சரியாகப் பூட்டியதும் மேடம் தம்பியை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள்.

குழாயை நிரப்புகிற வேலைதான் எனக்கு இன்றைக்கும் கையில் நிற்கிறது. ஊக்கியைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகளில் இரசாயன முறையில் ஒட்டியிருந்தோம். கடுகைவிடச் சின்ன, மங்கல் மஞ்சள் மணிகள். அவை கரைப்பானில் ஊறினால் பருக்கும். காய்ந்தபடி போட்டு நிரப்பினால் உள்ளே பருத்துக் குழாயை அடைத்துவிடும். ஆகவே முதலே ஊறவைத்து, கஞ்சிப் பதத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்ற, மரக் கரண்டியின் காம்பால் குழாயின் பக்கத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக் குமிழி ஒன்று உள்ளே தங்கினாலும் போச்சு. திரவம் மணிகளைத் தொடாமல் அந்த இடைவெளியால் ஓடிவிடும். நிரப்பி முடிந்ததும் மேடம் ஒரு டோர்ச்சைக் குழாயின் பின்னால் பிடித்து, மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். அவசரப்படவே மாட்டார். அவருடைய சட்டம் ஒன்று இருந்தது: “கை வைக்க முதல் பார். பாத்த பிறகும் கை வைக்காத. மறுகா இன்னொருக்காப் பார்.”

பாராட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. வேலை பிழைத்தால் “ம்” என்பார். வேலை சரிவந்தால், “இன்னொருக்காச் செய்வம்” என்பார். தொடக்கத்தில் எனக்கு அது கோபமாக இருந்தது. சரிவந்த வேலையை ஏன் மறுபடி செய்ய வேண்டும்? பிறகுதான் விளங்கியது. ஒருமுறை சரிவருவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ‘இன்னொருக்கா’ என்று சொன்னால், இது நம்பக்கூடியதாக இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் அவருடைய பாராட்டு.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. கரண்ட் நினைத்த நேரம் போகும். எங்கள் வேலையோ இடைவிடாமல் ஓட வேண்டியது. திரவத்தைத் தள்ளுகிற பம்பி நின்றால் ஓட்டம் நிற்கும், ஓட்டம் நின்றால் குழாய்க்குள் இருப்பது எல்லாம் பழுது. மற்ற ஆய்வுகூடங்கள் பூட்டிக்கிடந்தன. மேடம் தன் பழைய காரின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கார் எப்படியும் ஓடாது, பம்பியாவது ஓடட்டும் என்றார். நான் இன்னும் இரண்டு பற்றரிகளைத் தேடிப்பிடித்துப் பூட்டினேன். கரண்ட் போனாலும் எங்கள் பம்பிகள் பூனை உறுமுகிற மாதிரி உறுமிக்கொண்டே இருந்தன.

அந்தக் காலத்தில்தான் தர்மினி எங்களோடு ஆய்வு மாணவியாக இருந்தார். பனிச்சங்கேணிக்காரி. தகப்பன் வாவியில் மீன்பிடிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்துவிட்டு, சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு கலாநிதிப் பட்டத்துக்கு வந்தவர். வீட்டில் ஒரு பிள்ளை. “இந்த வயசில இது உனக்குத் தேவையா?” என்று சொந்தக்காரர் கேட்டதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மேடத்துக்கு அவர் மேல் ஒரு பிடிப்பு இருந்தது, வெளியில் காட்டமாட்டார்.

தர்மினியின் வேலை, ஒரு மருந்து செய்வதற்கு வேண்டிய இடைநிலைப் பொருளை எங்கள் குழாயில் இடக்கை உருவில் உண்டாக்குவது. நன்றாக வந்தது. குழாயின் வாயிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால் ஏறக்குறைய முழுவதும் இடக்கைதான். பல தடவை செய்தோம். கட்டுரை எழுதி ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினார்கள்; ஏற்றுக்கொண்டு, அச்சுக்குப் போகக் காத்திருந்தது. கொழும்பில் ஒரு மருந்துக் கம்பனி தன் ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்க்க ஒரு போத்தல் நிறையக் கேட்டது. செய்து அனுப்பினோம்.

அடுத்த வாரம் அந்தக் கம்பனியின் இரசாயனவியலாளர் கணேஷ் தொலைபேசியில் வந்தார். மேடம் எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். நான் கதவருகில் நின்றேன். தர்மினி மேசைக்குப் பக்கத்தில்.

“டொக்டர், உங்கட போத்தல்ல ரெண்டு உருவும் கலந்து கிடக்கு. நீங்க அனுப்பின எண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“திரும்பச் சோதிச்சீங்களா?”

“திரும்பத் திரும்பச் சோதிச்சாச்சு. மன்னிக்கணும், வெளிப்படையாச் சொல்றேன். உங்க ஸ்டூடண்ட் நல்லா வந்த எண்ணை மட்டும் எழுதியிருக்காங்க. இல்லன்னா எண்ணைத் திருத்தியிருக்காங்க. வேற விளக்கம் எனக்குத் தெரியல.”

தர்மினியின் முகம் வெளுத்துப்போனது. மேடம், “நன்றி. பாத்திட்டுச் சொல்றன்,” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். உடனே கணினிக்கு முன்னால் போயிருந்து, சஞ்சிகை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினார். எங்கள் முடிவில் சந்தேகம் வந்திருக்கிறது, கட்டுரையை நிறுத்துங்கள் என்று. எழுதி முடிக்கும்வரை தர்மினி நின்றுகொண்டே இருந்தார்.

“மேடம், நான் எண்ண மாத்தல்ல.”

“தெரியும்.”

“தெரியுமெண்டா ஏன் நிப்பாட்டுறீங்க? நிப்பாட்டினா நான் கள்ளி எண்டுதானே எல்லாரும் நினைப்பாங்க?”

மேடம் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“புள்ள, நீ பொய் சொல்லல்ல எண்டு எனக்குத் தெரியும். நாம எழுதினது உண்மையா எண்டு எனக்கு இன்னும் தெரியா. அது ரெண்டும் ரெண்டு.”

தர்மினி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதார். நான் போகட்டுமா வேண்டாமா என்று நின்றேன். மேடம்தான் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது தர்மினியின் கண் சிவந்திருந்தது. ஆனால் வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

மூவரும் உட்கார்ந்தோம். எனக்குச் சந்தேகம் கரண்ட் வெட்டில். பற்றரிக்கு மாறுகிற அந்தக் கணத்தில் பம்பி தடுமாறி, பொருள் கெட்டிருக்கலாம் என்றேன். தர்மினிக்கு, கொழும்புக்குக் கொண்டுபோன லொறியின் வெக்கையில் சந்தேகம். மேடம் இரண்டையும் கேட்டார்.

“ரெண்டும் நடந்திருக்கலாம். ஆனா ஊகத்துக்குப் பின்னால ஓடினா களைச்சுப்போவம். தொடக்கத்தில இருந்து ஓட்டத்தோட கூடவே நடப்பம்.”

எனக்கு அது உடனே விளங்கியது. வயலுக்குத் தண்ணி வந்து சேராவிட்டால் அப்பாவும் யாரையும் ஏசாமல், மதகிலிருந்து வாய்க்கால் ஓரமாகத்தான் நடந்து வருவார்.

அப்படியே செய்தோம். புதிதாகக் குழாயை நிரப்பி, பம்பியைப் போட்டு, ஓட்டத்தின் ஒவ்வோர் இடத்திலும் மாதிரி எடுத்தோம். குழாயின் வாயில் ஒன்று. அங்கிருந்து போத்தலுக்குப் போகிற மெல்லிய குழாயின் நுனியில் ஒன்று. போத்தலில் விழுந்த உடனே ஒன்று. பிறகு அதே போத்தலில் காலையில், மதியத்தில், பின்னேரத்தில். எல்லாவற்றையும் முனைவாக்கமானியில் பார்த்தோம். அது பழைய கருவி. நீண்ட கண்ணாடிக் குழலில் திரவத்தை ஊற்றி, மஞ்சள் விளக்கின் வெளிச்சத்தை அதற்குள்ளால் விட்டு, கண்ணை வைத்து, அளவு வட்டு ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கள் பொருளில் இடக்கை உரு கூடுதலாக இருந்தால் வெளிச்சம் இடப்பக்கம் கிறுகும், அதாவது திரும்பும். வலக்கை கூடினால் வலப்பக்கம். இரண்டும் சமமென்றால் கிறுகவே கிறுகாது.

குழாயின் வாயில் நன்றாகக் கிறுகியது. குழாய் நுனியிலும் அப்படியே. போத்தலில் விழுந்த உடனேயும் அப்படியே. அன்றைக்குக் கரண்ட் இரண்டு தரம் போனது, மாற்றமில்லை. என் ஊகம் அதோடு செத்தது. மேடம் என்னைப் பார்த்து, “ஒண்டு குறைஞ்சிட்டு. நல்லம்,” என்றார்.

மதியத்துக்குப் பிறகு தர்மினி அதே போத்தலிலிருந்து ஊற்றிக் கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. வட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“அண்ணன், நீங்க பாருங்க. என்ட கண்தான் பிழையா இரிக்கும்.”

நான் பார்த்தேன். கிறுகல் குறைந்திருந்தது. மேடம் பார்த்தார். “ம்,” என்றார். பின்னேரம் பார்த்தபோது இன்னும் குறைந்திருந்தது.

குழாய்க்குள் எந்தப் பிழையும் இல்லை. பொருள் வெளியே வந்து, போத்தலில், ஒருவரும் தொடாமல் சும்மா இருக்கும்போது கை மாறிக்கொண்டிருந்தது. நாங்கள் இத்தனை நாளும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தை யாரும் பார்க்கவில்லை.

“சரி, எங்க நடக்குதெண்டு கண்டிட்டம். ஏன் நடக்குது?” என்றார் மேடம். மேசையைச் சுற்றி நடந்தார். திடீரென்று நின்றார். “தவராசா, புதுசா நிரப்பின குழாயக் கழுவின கரைப்பான ஊத்திட்டீங்களா?”

“இல்ல மேடம், கழிவுப் போத்தல்ல கிடக்கு.”

“கொண்டு வாங்க.”

முன்பே வடித்துச் சுத்தமாக்கி வைத்திருந்த பொருளை இரண்டு போத்தல்களில் சமமாக ஊற்றினார். ஒன்றுக்குள் அந்தக் கழுவல் கரைப்பானில் கொஞ்சம் விட்டார். மற்றதுக்குள் அதே அளவு வெறும் கரைப்பான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கழுவல் விட்ட போத்தலில் கிறுகல் விழுந்தது. மற்றது நின்றது.

அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. மணிகளில் ஒட்டிக்கிடக்க வேண்டிய ஊக்கியில் மிகச் சிறிய பங்கு கழன்று, பொருளோடு ஓடிப் போத்தலுக்குள் விழுந்திருக்கிறது. குழாய்க்குள்ளே இடக்கையை உண்டாக்கிக் கொடுத்த அதே ஊக்கி, போத்தலில் வேறு வேலையில்லாமல் இருந்து, எங்கள் ஊர் வெக்கையில் தான் செய்ததைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்திருக்கிறது.

தர்மினியின் எண்கள் ஏன் நன்றாக வந்தன என்பதும் அதோடு தெரிந்தது. சோதிக்கிற கருவிக்குப் பொருளை அப்படியே கொடுக்க முடியாது. ஆகவே அவர் குழாயின் வாயில் ஒரு சொட்டுப் பிடித்து, உடனே ஒரு வெள்ளைத் தூள் கரைந்த குளிர்ந்த மதுசாரத்தில் விடுவார். அந்தத் தூள் பொருளை இன்னொரு வடிவுக்கு மாற்றிவிடும். அந்த வடிவில் கை மாறாது; பூட்டுப் போட்டது மாதிரி. அவர் சோதித்தது பூட்டுப் போட்டது. கொழும்புக்குப் போனது பூட்டுப் போடாதது. இரண்டு எண்ணும் உண்மை.

தர்மினி கதிரையில் தொப்பென்று இருந்தார். பிறகு, “மேடம்,” என்றார். “நான் ஒரு சொட்டுக்குச் செய்றத முழுக்கச் செய்தா என்ன? போத்தலுக்குள்ள அந்தக் கரைசல முதலே வச்சிருந்தா, குழாயால வந்து விழக்கயே பூட்டிரும்.”

மேடம் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பட்டறையில் மூடி சரியாகப் பூட்டியபோது தம்பியைப் பார்த்த அதே பார்வை.

“கொழும்புக்காரர் அடுத்த படியில செய்ய இருந்ததும் அதுதான்,” என்றார். “அவங்களுக்கும் ஒரு வேலை மிச்சம். செய் புள்ள.”

போத்தலைக் குளிரவைக்க ஐஸ் வேண்டும். எங்கள் ஐஸ் இயந்திரம் கரண்ட் வெட்டோடு செத்துப்போயிருந்தது. தர்மினி மீன் ஏற்றுகிற, எடையில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில் வாவிக்கரையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். ஆய்வுகூடம் முழுக்க மீன் வெடில் மூக்கைத் துளைத்தது. மேடம் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். மீனுக்காக மட்டுமல்ல, அந்தக் கரைசலில் ஐதரசன் குமிழி குமிழியாக வெளியேறும், அதுக்குக் காற்றோட்டம் வேண்டும், போத்தலை இறுக்கி மூடக்கூடாது. ஒவ்வொரு சொட்டும் விழும்போது மெல்லியதாக ஒரு நுரை எழுந்து அடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மூவரும் நின்றோம்.

காலையில் பார்த்தோம், பின்னேரம் பார்த்தோம், அடுத்த நாளும் பார்த்தோம். வெளிச்சம் இடப்பக்கம் கிறுகியபடியே நின்றது. நான், “அப்ப கொழும்புக்கு அனுப்புவமா மேடம்?” என்றேன்.

“இன்னொருக்காச் செய்வம். இந்த முறை மற்றக் கையால.”

குளிர்சாதனப் பெட்டியின் அடியிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். எங்கள் ஊக்கியின் கண்ணாடி உருவம். வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்து, இத்தனை வருடமும் தொடாமல் வைத்திருந்தது. இயற்கையில் அரிது, விலை சொல்லி மாளாது. அதை மணிகளில் ஒட்டி ஒரு சிறிய குழாயை நிரப்பினோம். நாங்கள் சொல்வது உண்மையானால், எல்லாம் அப்படியே நடந்து, வெளிச்சம் மட்டும் மறுபக்கம் அதே அளவு கிறுக வேண்டும். எங்கேயாவது நாங்கள் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தால் அது இங்கே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொட்டலத்தை அவர் ஒரு பெருமைக்காகச் செலவழிக்கவில்லை. தன் மாணவியின் மேல் விழுந்த சொல்லை முழுவதுமாகக் கழுவுவதற்குச் செலவழித்தார்.

கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். வட்டை மெல்லத் திருப்பினேன். இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “வலப்பக்கம் கிறுகிட்டு மேடம். அதே அளவு.”

தர்மினி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

புதிய போத்தல் கொழும்புக்குப் போனது. எண்கள் பொருந்திவிட்டன என்று பதில் வந்தது. கட்டுரையைத் திரும்ப எழுதினார்கள். பொருள் எப்படிக் கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படிப் பூட்டினோம் என்பதுதான் இந்த முறை கட்டுரையின் பெரும்பங்கு. அந்த விரிவுரையாளர் வெளிநாட்டில் இருந்து வாசித்தது இதைத்தான். ஆனால் அது வெளிவர நாள் எடுத்தது. மேடம் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்த சமயம் அது. நிறுத்திய கட்டுரை கணக்கில் வரவில்லை, விண்ணப்பத்துக்குப் புள்ளி போதாமல் போனது. அடுத்த முறைக்கு முன் அவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. ஒரு நாள் கேட்டேன், உங்களுக்கு மனவருத்தம் இல்லையா என்று.

“இரிக்கு. ஏன் இல்லாம?” என்றார். “ஆனா அந்தக் கட்டுரை அப்படியே வந்திருந்தா, எங்கயோ ஒரு ஆள் அத நம்பி வேல செய்து, பிழைச்சு, தன்னத்தான் பிழை எண்டு நினைச்சிரிப்பான்.”



கணேஷ் கொழும்பிலிருந்து ரயிலேறி நேரில் வந்தார். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மெலிந்த மனிதர், கையில் ஒரு பெட்டி வட்டிலப்பம். ஆய்வுகூடத்துக்குள் வந்து, பற்றரிகளையும் கடைந்த மூடிகளையும் மீன்பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தர்மினிக்கு முன்னால் போய் நின்றார்.

“அன்னைக்கு நான் போன்ல சொன்னது...” என்று தொடங்கினார். வட்டிலப்பப் பெட்டியை மேசையில் வைத்தார்.

தர்மினி அவரைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“நீங்க சந்தேகப்பட்டது சரி சேர். சந்தேகப்படாட்டி நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டம். ஆனா போத்தலச் சந்தேகப்படாம என்னச் சந்தேகப்பட்டுட்டீங்க.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஆய்வுகூடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். கணேஷும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு கேட்டார்:

“ஒரு தடவை ஓட்டிக் காட்டுவீங்களா? முதல்ல இருந்து பாக்கணும்.”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தர்மினியைக் கைகாட்டினார். “என்னட்டக் கேக்காதீங்க. இது அவட வேல.”

தர்மினி மேலங்கியைப் போட்டுக்கொண்டு பம்பியின் சுவிச்சை அமர்த்தினார். பம்பி உறுமத் தொடங்கியது. கணேஷ் குழாய்க்கு முன்னால் போய், மஞ்சள் மணிகளைக் குனிந்து பார்த்தார்.

“அங்க இல்ல சேர்,” என்றார் தர்மினி. “இஞ்சால கடைசிக்கு வாங்க. போத்தலுக்குப் பக்கத்தில நில்லுங்க.”